தாடை மூட்டு வலியா? முதலில் தசையைத் தொட்டுப் பாருங்கள்: முழுமையான வழிகாட்டி

காதுக்கு முன்னால் குத்துகிறது. ஈஎன்டி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அடுத்து பல் டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயில் சொத்தை எதுவும் தெரியவில்லை. ஆனால் வலி மட்டும் போகவில்லை. முறுக்கைக் கண்டால் பயம், கொட்டாவி விடப் பயம். காலையில் எழுந்தால் கன்னம் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன.

இப்படி அலைகிறவர்களில் பலருக்கு வலி பிறக்கும் இடம், தாடையை அசைக்கும் தசைகளுக்குள் இறுகிப்போன சிறு சிறு இடங்கள்தான். பிசியோதெரபிஸ்டுகள் அவற்றை டிரிகர் பாயிண்ட் என்பார்கள். பேச்சுவழக்கில் தசை முடிச்சு. அவற்றை உங்கள் விரலாலேயே கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் வீட்டிலேயே தளர்த்தலாம். அதற்கான வழியைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதல் படியை யாரும் தாண்டிப்போக வேண்டாம்.

வலி ஓரிடத்தில், வேர் இன்னோரிடத்தில்

காதுத் துவாரத்துக்கு முன்னால் சிறு மேடாக இருக்கும் குருத்தெலும்பை ஒட்டி விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்புக் குமிழ் முன்னே நகர்ந்து பின்னே திரும்பும். அதுதான் தாடை மூட்டு. முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கிச் சறுக்கும் மூட்டு இது. குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று மெத்தையாக இருக்கிறது.

இந்த மூட்டை இயக்குவதில் நான்கு தசைகளுக்குப் பெரும்பங்கு. கன்னத்தில் மாசெட்டர், நெற்றிப்பொட்டிலிருந்து காதுக்கு மேல் விசிறியாக விரியும் டெம்பொராலிஸ், தாடை எலும்பின் உட்புறத்தில் உள் டெரிகாய்டு, மூட்டுக்கு நேர் முன்னால் ஆழத்தில் வெளி டெரிகாய்டு. முதல் மூன்றும் வாயை மூடுபவை. நான்காவது தாடையை முன்னே இழுத்துத் திறக்க உதவும்.

தசையில் உண்டாகும் வலியை வேறோர் இடத்தில் உணர்வது சாத்தியம் என்பது 1938இலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர் அடர்த்தியான உப்புநீரைக் கொஞ்சமாகத் தசைகளுக்குள் ஊசியில் செலுத்தினார். மாசெட்டர் தசையில் செலுத்தியபோது பல்வலியும், மூட்டுப் பக்கமும் காதுப் பக்கமும் வலியும் தோன்றின. பல்லும் காதும் நல்ல நிலையில்தான் இருந்தன. பின்னாளில் ஜனாதிபதி கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலிக்கும் என்பதை விரிவான படங்களாக்கி 1983இல் வெளியிட்டார். இன்றும் சிகிச்சை அறைகளின் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அந்தப் படங்களின் வழிவந்தவைதான்.

இது நடப்பதற்குக் காரணம் நரம்பின் அமைப்பு. மூட்டு, பல், மெல்லும் தசை எல்லாவற்றின் வலிச்செய்தியும் முப்பெரு நரம்பு என்ற ஒரே நரம்பின் கிளைகள் வழியாக மூளைத்தண்டில் ஒரே நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. செய்தி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளையால் எப்போதும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் கழுத்துத் தசை இறுகினாலும் பொட்டு வலிக்கிறது, கன்னத் தசை இறுகினாலும் கடவாய்ப் பல் வலிக்கிறது.

முடிச்சுகள் வலியை இடம் மாற்றுவதோடு நிற்பதில்லை. இறுகிய தசை மூட்டை ஓயாமல் அழுத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தாடை கோணலாகத் திறக்கும். நாளடைவில் மூட்டே நோகத் தொடங்கும். மூட்டு நொந்தால் அதைக் காப்பாற்றச் சுற்றியுள்ள தசைகள் இன்னும் விறைக்கும். வலி மாதக்கணக்கில் நீள்வது இந்தச் சுழலால்தான்.

முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தசை இழைகள் சுருங்கியபடியே நின்று, அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, வலியைத் தூண்டும் பொருள்கள் தேங்குகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரே நோயாளியை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் முடிச்சு எங்கே என்பதில் ஒத்துப்போவதில்லை என்பது மறுப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் 2014இல் வெளியான சர்வதேச நோயறியும் விதிமுறை, முடிச்சு கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. அழுத்தும்போது, "ஆமாம், நான் தினமும் படும் வலி இதேதான்" என்று நோயாளி அடையாளம் காண வேண்டும் என்பதையே முக்கியமாகக் கேட்கிறது. நீங்களும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வேறு நோயா என்று முதலில் பாருங்கள்

கீழே சொல்லும் எதுவும் உங்களுக்குப் பொருந்தினால் தேய்ப்பதையும் நீவுவதையும் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடந்தால், மாடிப்படி ஏறினால் தாடையில் வலி, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது இதய வலியாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை, இடது கை வலி ஆகியவை சேர்ந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலிக்காமல் தாடை மட்டும் வலிக்கும் மாரடைப்பும் உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு.

காய்ச்சல், கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், விழுங்க முடியாமை ஆகியவை பல்லிலிருந்து பரவும் சீழின் அறிகுறி. அன்றைக்கே பார்க்க வேண்டும். அடிபட்ட பிறகு கடி, அதாவது மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம், பொருந்தாமல் போனால் எலும்பு முறிவா என்று பார்க்க வேண்டும். புண்பட்ட சில நாட்களில் வாய் இறுகிக்கொண்டே வந்தால் டெட்டனஸ் நினைவுக்கு வர வேண்டும்.

50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, தலை வாரினால் மண்டைத் தோல் நோவது, சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது என்று சேர்ந்து வந்தால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் மக்களிடையே அரிதுதான். ஆனால் தாமதித்தால் பார்வை போய்விடும்.

முகத்தைக் கழுவும்போதோ காற்று படும்போதோ கரண்ட் ஷாக் அடித்ததுபோல் சில விநாடி வெட்டி இழுத்தால் அது நரம்பு வலி. அதற்கு நரம்பியல் மருத்துவர் வேண்டும்.

நம் ஊரில் தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, பாக்குப் பழக்கம் உண்டா என்பது. வெற்றிலை பாக்கு, பாக்குப் பொட்டலம், குட்கா எதுவாக இருந்தாலும் பாக்கு கன்னத்தின் உட்சதையை நார்நாராக இறுக்கிவிடும். காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உள்ளே வெளுத்துப்போய், விரலால் தடவினால் கயிறு போல் பட்டை தட்டுப்படும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். வலி பெரிதாக இராததால் பலர் இதை வருடக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. தசைப் பயிற்சியை மட்டும் நம்பி இருந்துவிடாமல் பாக்கை விட்டுவிட்டு உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கும் இதே விதிதான்.

படி 2: கண்ணாடி முன் வாயைத் திறங்கள்

உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் திறப்பு போதுமானது, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். இரண்டுதான் நுழைகிறது என்றால் குறைவு. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

முழுக்கத் திறந்த பிறகு விரலால் கீழ்ப்பல்லை மெதுவாக இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். வலித்தாலும் கொஞ்சம் இடம் கொடுத்தால் தடை தசையில் இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் மோதியதுபோல் சட்டென்று நின்றால் மூட்டுக்குள் தட்டு விலகியிருக்கலாம். முன்பு வாய் திறக்கும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வந்து, ஒருநாள் சத்தம் நின்று அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நாளைக் கடத்தாமல் தாடை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலியில்லாமல் வெறும் சத்தம் மட்டும் வருகிறதா? அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். ஏராளமானோருக்கு இருக்கிறது. அடிக்கடி சத்தம் வரவழைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள்.

பல்லையும் ஒருமுறை சோதியுங்கள். குளிர்ந்த நீர் பட்டதும் ஒரு குறிப்பிட்ட பல் சுரீர் என்று கூசி, கூச்சம் நீடித்தால், அல்லது கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினால் அந்தப் பல் மட்டும் நொந்தால் பல்லில் கோளாறு இருக்கலாம். எந்தப் பல் என்று சுட்டிக்காட்ட முடியாமல் 'இந்தப் பக்கம் முழுக்க' வலிக்கிறது, அதிகம் மென்ற நாட்களில் கூடுகிறது என்றால் தசையைச் சந்தேகிக்கலாம். பல்லுக்கு மரப்பு ஊசி போட்டும் வலி அசையவில்லை என்பது இன்னும் தெளிவான துப்பு. அப்படிப்பட்ட பல்லுக்கு ரூட் கேனால் செய்யவோ, அதைப் பிடுங்கவோ சம்மதிக்கும் முன் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

படி 3: முடிச்சைத் தேடுங்கள்

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சமையலறையில் எடைபோடும் மின்தராசு இருந்தால் அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து 1 கிலோ காட்டும்வரை அழுத்திப் பழகுங்கள். தசைக்கு அந்த அழுத்தம். மூட்டின் மேல் நேராக வைக்கும்போது அரைக் கிலோ போதும். ஒவ்வோர் இடத்திலும் 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். வலி பரவுவதைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும். அழுத்தும்போது பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும்.

ஒரு தாளில் முகத்தின் இரண்டு பக்கத்தையும் வரைந்து வைத்துக்கொண்டு, எங்கே அழுத்தினால் எங்கே வலிக்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். பிறகு மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்தத் தாள் பெரிதும் உதவும்.

மாசெட்டரில் தொடங்குங்கள். பல்லை ஒருமுறை கடித்தால் கன்னத்தில் புடைத்துக்கொண்டு எழும் சதைதான் அது. கன்ன எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து தாடை மூலை வரை வரிசையாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். மேற்பகுதி முடிச்சுகள் மேல் கடவாய்ப் பற்களிலும், கீழ்ப்பகுதி முடிச்சுகள் கீழ்க் கடவாய்ப் பற்களிலும் வலியைக் காட்டும். தாடை மூலைக்குப் பக்கத்தில் உள்ளது சிலருக்குப் புருவத்துக்கு மேல் வரை ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியமான இடம், கன்ன எலும்பு காதை நோக்கிப் போகும் வழியில், மூட்டுக்கு ஒரு விரல் முன்னால், எலும்புக்குக் கீழே இருக்கும் ஆழமான அடுக்கு. இது நேராகக் காதுக்குள்ளும் மூட்டுக்குள்ளும் வலியைக் கொண்டுபோகும். சிலருக்கு அந்தப் பக்கக் காதில் இரைச்சலும் சேரும். "மூட்டு வலி" என்று வருபவர்களிடம் நான் முதலில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

வெளியிலிருந்து அகப்படாத முடிச்சுக்கு, கையை நன்றாகக் கழுவிக் கட்டைவிரலைக் கன்னத்துக்கு உள்ளேயும் மற்ற இரு விரல்களை வெளியேயும் வைத்துச் சதையைக் கவ்விப் பாருங்கள். கயிறு போன்ற ஒரு பட்டையும் அதில் ஒரு நோவான புள்ளியும் அகப்படலாம். இறுக்கிக் கிள்ளக் கூடாது; மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பதம் பார்க்கும் அளவு அழுத்தம் போதும்.

அடுத்து டெம்பொராலிஸ். நெற்றிப்பொட்டிலிருந்து காதுக்கு மேலே போய்ப் பின்னால் வரை விரல்களைப் படிப்படியாக நகர்த்துங்கள். முன்பகுதி புருவத்தோரமும் மேல் முன்பற்களிலும் வலிக்கும். நடுப்பகுதி மேல்வரிசையின் நடுப்பற்களுக்கு. பின்பகுதி பின்மண்டையை நோக்கி. 'டென்ஷன் தலைவலி' என்று மாத்திரை போட்டுக்கொள்பவர்களில் கணிசமானோருக்கு இந்தத் தசை நொந்திருக்கும்.

உள் டெரிகாய்டைத் தாடை மூலையின் உட்புறமாக விரலை மடக்கி மேல்நோக்கி அழுத்தினால் ஓரளவு தொடலாம். தொண்டை வலி, விழுங்கும்போது நோவு, காது அடைப்பு ஆகியவை இதன் வேலை. வாய்க்குள் போய் அழுத்தினால் குமட்டும், அதைப் பிசியோதெரபிஸ்டிடம் விட்டுவிடுங்கள்.

வெளி டெரிகாய்டு மூட்டுக்குள்ளும் மேல்கன்னத்திலும் வலியைக் கொடுக்கும். ஆழத்தில் இருப்பதால் விரலுக்கு நம்பகமாக எட்டாது. ஆகவே அதைச் சுற்றுவழியில் சோதியுங்கள். மோவாயின் முன்னால் உள்ளங்கையை வைத்துத் தடுத்தபடி தாடையை முன்னே தள்ளுங்கள். காதுக்கு முன் உங்கள் பழகிய வலி எழுந்தால் இந்தத் தசையைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக மூட்டு. வாயைக் கொஞ்சம் திறந்து, காது மேட்டுக்கு முன்னால் குமிழின் மேல் அரைக் கிலோ அழுத்தம். தசைகள் எங்கும் நோகாமல் இங்கே மட்டும் சுருக்கென்று வலித்தால் உங்கள் பிரச்சினை மூட்டில்தான் என்று கொள்ளுங்கள். இரண்டுமே நொந்தால் தசையிலிருந்து தொடங்குவது வழக்கம்.

படி 4: பல்லைப் பிரித்து வையுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முடிச்சை எவ்வளவு நீவினாலும், நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மறுநாளே திரும்பி வரும்.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. 'வாயை மூடியிரு' என்று கேட்டே வளர்ந்த நமக்கு உதட்டை மூடுவதும் பல்லை மூடுவதும் ஒன்றாகிப்போயிருக்கிறது. லேசான தொடுதல்கூட மணிக்கணக்கில் நீடித்தால் தசையைக் களைக்க வைத்துவிடும்.

சரியான நிலை எப்படியிருக்கும் என்று இப்போதே பாருங்கள். 'அம்மா' என்று சொல்லத் தொடங்கி 'ம்'மில் நிறுத்துங்கள். உதடுகள் சேர்ந்திருக்கும், பற்கள் பிரிந்திருக்கும். இனி 'ன்' என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொடும் இடத்தில் நாக்கை அப்படியே ஓய்வாக வையுங்கள். மூச்சு மூக்கு வழியாக. இதுதான் தாடையின் ஓய்வு நிலை.

நினைவில் வைப்பதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் திரையின் ஓரம், கண்ணாடி, ஸ்கூட்டர் ஸ்பீடோமீட்டர், காய் நறுக்கும் மேடை என்று உங்கள் கண் படும் இடங்களில் சிறு வண்ணப்புள்ளி ஒட்டுங்கள். பார்க்கும்போதெல்லாம் பல் தொடுகிறதா என்று கவனித்து, தொட்டால் பிரியுங்கள். டிராஃபிக்கில் வண்டி ஓட்டும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, போன் பார்க்கும்போது, பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது எப்போது கடிக்கிறீர்கள் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலோர் தாங்கள் பல்லைக் கடிப்பதே இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள்.

கூடவே சூயிங்கம், நகம் கடித்தல், பேனாவை மெல்லுதல், மோவாயைக் கையில் ஊன்றி உட்காருதல், ஹெல்மெட் பட்டையை மோவாயில் இறுக்கிக் கட்டுதல் ஆகியவற்றையும் கவனியுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், சரியான அளவில் வாங்குங்கள்.

முதல் சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு, எலும்புக்கறி வேண்டாம். இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம், வேகவைத்த காய் போதும். எப்போதும் ஒரே பக்கம் மெல்வதை விடுங்கள். வலி குறைந்ததும் சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மாதக்கணக்கில் கஞ்சியே குடித்தால் தசை பலவீனமாகும்.

படி 5: ஒத்தடம், அழுத்தம், நீட்சி

இந்த மூன்றும் இதே வரிசையில். காலையிலும் இரவிலும் செய்யுங்கள். முடிந்தால் மதியமும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம் வையுங்கள். சூடு தோலைச் சுடக் கூடாது. ஆறியதும் திரும்ப நனையுங்கள். வலி புதிதாக, கூர்மையாக வந்திருந்தால் முதல் ஒன்றிரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் நன்றாக இருக்கும்.

பிறகு படி 3இல் குறித்துவைத்த இடங்களுக்கு வாருங்கள். நோவான புள்ளியின் மேல் விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் நான்கைத் தாண்டக் கூடாது. அப்படியே பிடித்து, மூச்சை நீளமாக விடுங்கள். 30 முதல் 60 விநாடிக்குள் நோவு மெல்லத் தணியும். தணிந்ததும் தசையின் நீளவாக்கில், கன்ன எலும்பிலிருந்து தாடை வரை, சில முறை வழித்துவிடுங்கள். மறுநாள் கன்னம் கூடுதலாக வலித்தால் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள். பலம் காட்டும் வேலையில்லை இது.

நீட்சிக்கு, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்தபடி வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து மூடுங்கள், 6 முறை. நாக்கு ஒட்டியிருப்பதால் தாடை அளவுக்கு மீறித் திறக்காது, கோணாமலும் திறக்கும். கண்ணாடியில் பார்த்துச் செய்யுங்கள். அடுத்து மோவாய்க்கு அடியில் முஷ்டியை வைத்து, அது தடுக்கத் தடுக்க வாயை மெதுவாகத் திறக்க முயலுங்கள், 5 விநாடி. திறக்கும் தசை வேலை செய்யும்போது மூடும் தசை தானாகத் தளரும். உடனே கையை எடுத்துவிட்டு வாயைச் சுகமாகத் திறந்து 10 விநாடி வைத்திருங்கள்.

கொட்டாவி விட்டு வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள், மூட்டு இயல்பாகவே தளர்வானவர்கள் வாயைப் பெரிதாகத் திறக்கும் நீட்சியைச் செய்ய வேண்டாம். நாக்கு ஒட்டிய பயிற்சி மட்டும் போதும். கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கை கொடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கழுத்தை மறக்காதீர்கள்

காதுக்குப் பின் எலும்பிலிருந்து நெஞ்செலும்பு வரை சரிவாக இறங்கும் கழுத்துத் தசை கன்னத்திலும் புருவத்திலும் நெற்றியிலும் காதிலும் வலியைக் காட்டும். தோள்பட்டையின் மேல்தசை கழுத்தோரமாக ஏறிப் பொட்டிலும் தாடை மூலையிலும் காட்டும். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குத் தலை முன்னே தள்ளிப்போய் இந்த இரண்டும் இறுகும், தாடையின் ஓய்வு நிலையும் கெடும்.

முன்கழுத்துத் தசையை அழுத்தக் கூடாது. உள்ளே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. தலையை அதே பக்கம் கொஞ்சம் சாய்த்தால் தசை தொங்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மென்மையாகக் கவ்விப் பிடியுங்கள், ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். நாடித்துடிப்பு தட்டுப்பட்டால் விரலை எடுத்துவிடுங்கள். தோள்பட்டைக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்ந்தால் போதும்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வை நேராக இருக்க, மோவாயைப் பின்னோக்கி இழுத்து 6 விநாடி பிடியுங்கள். சிலி நாட்டுப் பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த முறையில் நாக்கு நிலை, தாடை, கழுத்து, தோள் என்று 6 பயிற்சிகளை ஒவ்வொன்றும் 6 முறை, நாளுக்கு 6 வேளை செய்யச் சொல்வார்கள். நேரம் அதிகம் பிடிக்காது, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

படி 7: இரவு

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதை நினைத்து நிறுத்த முடியாது. குப்புறப் படுப்பதை விடுவது, மாலைக்குப் பிறகு காபி, டீயைக் குறைப்பது, மது, புகையை நிறுத்துவது ஆகியவை உதவும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பல் கடிப்பைத் தூண்டக்கூடும். தானாக நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் மருத்துவர் செய்து தரும் நைட் கார்டு (இரவில் பல்லின் மேல் மாட்டும் உறை) பற்கள் தேயாமல் காக்கும். முடிச்சைக் கரைக்கும் மருந்தாக அதை எண்ண வேண்டாம்.

சில வாரங்களாகியும் குறையவில்லையா

ஒழுங்காகச் செய்தால் சில வாரங்களில் மாற்றம் தெரிய வேண்டும். ஆறு வாரமாகியும் அசையவில்லை என்றால், தாடை மூட்டைக் கவனிக்கும் பல் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்டிடம் அந்த முகப்படத்தாளோடு போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய்நோய்ப் பிரிவு என்று தனியாக இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

எந்தச் சிகிச்சையை ஏற்பது, எதை மறுப்பது? 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு முடிச்சுகளைக் கையால் தளர்த்தும் சிகிச்சை, மேற்பார்வையோடு தாடைப் பயிற்சியும் நீட்சியும், உட்காரும், நிற்கும் விதத்தைத் திருத்தும் பயிற்சி, மனப்பழக்கங்களை மாற்றும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைக்கிறது. உளவியல் சிகிச்சை என்றதும் வலி கற்பனை என்று சொல்வதாக எண்ணிக் கோபப்படாதீர்கள். வலி மெய்யானது. கவலையும் தூக்கமின்மையும் அதைப் பெருக்குகின்றன என்பதும் மெய். மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தும் உலர் ஊசி முறையைப் பயிற்சி பெற்றவர் செய்தால் பிடிவாதமான முடிச்சுக்கு முயன்று பார்க்கலாம்.

கடியைத் திருத்துகிறேன் என்று நல்ல பல்லை ராவுவது, கடி நிரந்தரமாக மாறிவிடும்படியான தட்டைப் பல்லில் மாட்டுவது, முதல் சிகிச்சையாகவே மூட்டு அறுவை ஆகியவற்றுக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க ஈஎன்டி மருத்துவர், கடவாய்ப் பல் இழந்து கடி மாறுவதால்தான் காது, மூட்டு வலி வருகிறது என்று எழுதினார். அதை நம்பிப் பல தலைமுறைகளாகப் பற்கள் ராவப்பட்டன. தசைகளின் பங்கை மருத்துவ உலகம் ஏற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ராவிய பல் திரும்ப வளராது. கழற்றி வைக்கக்கூடிய, நிறுத்திவிடக்கூடிய சிகிச்சையிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

வேறு காரணத்துக்காக நீண்ட நேரம் வாயைத் திறந்திருக்க வேண்டி வந்தால், ரூட் கேனாலோ ஞானப்பல் எடுப்பதோ, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கடவாயில் ரப்பர் கட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதைக் கடித்து ஓய்வாக இருந்தால் தசை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூட அவகாசம் கேளுங்கள். முந்தின இரவு ஒத்தடம் கொடுங்கள். மறுநாள் மருத்துவர் அனுமதித்த பிறகு ஒத்தடத்தையும் நாக்கு ஒட்டிய பயிற்சியையும் மெதுவாகத் தொடங்கலாம்.